படம் என்று சொல்லாதேங்கோ

ஒரு மனிதன் படகிலிருந்து இறங்குகிறான். சொந்த ஊர்த் துறைமுகம். இறங்கி நாலு அடி வைத்ததும் எதிரே சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்கிறது. அதில் இருப்பது அவனுடைய படம், அவனுடைய பெயர். செத்த திகதி என்று போட்டிருப்பது இன்றைய திகதி.

இதுதான் என்னுடைய படத்தின் தொடக்கம். நல்ல தொடக்கம் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. இவ்வளவு நடந்த பிறகும் இப்படிச் சொல்லுகிறானே, வெட்கம் கெட்டவன் என்று நீங்கள் நினைத்தால் நினையுங்கள். நான் அதற்கு மேலேயே என்னை ஏசி முடித்துவிட்டேன்.

என் பெயர் தயாபரன். ஊர் சரவணை. வேலணையில் சின்னதாக ஒரு ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாம் எடுப்பேன். செத்தவீடுதான் அதிகம். தீவுப்பகுதியில் இருக்கிறவர்கள் சாகிறார்கள், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் போனில் பார்த்து அழுகிறார்கள், நடுவில் நான் கமெராவோடு நிற்கிறேன். பதினாலு வருடம் இதையே செய்தவனுக்கு ஒரு நாளைக்காவது சொந்தமாக ஒரு படம் எடுக்கவேண்டும் என்று ஆசை வராதா? எனக்கு வந்தது. மனதைப் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒரு மர்மப் படம்.

பேய்ப்படம் எடுக்கிறவர்கள் மேல் எனக்கு எரிச்சல் உண்டு. கதவைப் படாரென்று சாத்துவார்கள், ஒரு பெட்டை கத்துவாள், பார்க்கிறவன் கதிரையில் துள்ளுவான். துள்ளினவன் அடுத்த நிமிடம் கச்சான் கொறிப்பான். அது வெறும் திடுக்கிடல். பயம் என்பது வேறு. ஏதோ வரப்போகிறது என்று தெரியவேண்டும், அது வராமல் நிற்கவேண்டும். அதற்குப் பேயும் தேவையில்லை, இரத்தமும் தேவையில்லை.

நான் எழுதி வைத்திருந்த முறையைச் சொல்லுகிறேன். முதலில் வெறும் கறுப்புத் திரை, படகு எஞ்சின் சத்தம் மட்டும். சத்தம் சட்டென்று நிற்கும்போது படம் வருகிறது. இறங்குகிற சனத்தின் முகங்கள். ஒவ்வொருவராகச் சுவரைப் பார்க்கிறார்கள், பிறகு இவனைப் பார்க்கிறார்கள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சுவரில் என்ன இருக்கிறது என்று நான் காட்டமாட்டேன். கமெரா அவனுடைய பிடரிக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி, அவன் நடக்கிற வேகத்திலேயே நடக்கும். திரையின் மூலையில் மங்கலாக ஒரு கடதாசி தெரியும். பின்னணி இசை கிடையாது. ஏழு விநாடிக்கு ஒருவரும் ஒன்றும் பேசக்கூடாது. அந்த ஏழு விநாடியில் பார்க்கிறவன் தன் மனதுக்குள் கிடக்கிற பயத்தையெல்லாம் எடுத்து அந்தச் சுவரில் தானே ஒட்டிவிடுவான். அதற்குப் பிறகுதான் போஸ்ரரைக் காட்டவேண்டும்.

வித்தை முழுவதும் சொல்லாமல் விடுவதில்தான் இருக்கிறது. பார்க்கிற எங்களுக்குத் தெரிந்தது திரையில் நடக்கிறவனுக்குத் தெரியாமல் இருந்தால் எங்களுக்கு நெஞ்சு அடிக்கும். இதை நான் கமெரா பழக வந்த பத்துப் பேருக்காவது படிப்பித்திருக்கிறேன், பெரிய வாத்தியார் மாதிரி.

நடிக்க மேர்வினைப் பிடித்தேன். நெடுந்தீவுப் பெடியன், முப்பத்தொரு வயது, கடற்றொழில், தாயின் வீட்டில் தனியாக இருந்தான். நடிக்கத் தெரியாது. எனக்கு வேண்டியதும் அதுதான். அவனுக்கு ஒரு முகம் இருந்தது. சும்மா நின்றாலும் ஏதோ நடந்துவிட்டது போலிருக்கும். அந்த முகத்தை நான் முதன்முதலில் கண்டது நாலு வருடத்துக்கு முன்பு, அவனுடைய தாயின் செத்தவீட்டில்.

அந்தச் செத்தவீட்டைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. மேர்வினுக்கு ஒரே ஒரு தமையன், அன்ரனிதாஸ். ஒன்பது வருடத்துக்கு முன்பு மனைவியோடு பிரான்சுக்குப் போனவர். அங்கே பிறந்த ஒரு மகளும் உண்டு. ஊரில் உயிருக்குப் பயம் என்று அகதி வழக்குப் போட்டு, அது ஒரு தரம் தள்ளுபடியாகி, மேல்முறையீட்டில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே போக ஏலாது. ஆகையால் தாயின் செத்தவீட்டை அவர் போனில் பார்த்தார். அதை அவருக்கு லைவ் போட்டுக் காட்டியது நான்.

பெட்டி மூடப்போகிற நேரம் அம்மாவின் முகத்தை இன்னும் கிட்டக் காட்டச் சொல்லிக் கேட்டார். நான் கிட்டப் போனேன், சிக்னல் விழுந்துவிட்டது. திரும்ப வந்தபோது பெட்டி மூடியாயிற்று. அவர் அந்தப் பக்கத்தில் குழந்தை மாதிரி அழுதார். ஒருக்கால் திறந்து காட்டச் சொல்லிக் கெஞ்சினார். இரண்டு நாள் நித்திரை இல்லாமல் நின்ற மேர்வின் என் கையிலிருந்த போனைப் பறித்து, சனம் எல்லாம் கேட்கச் சொன்னான்:

“வந்து நிக்கேலாத உனக்கு அம்மாவின்ரை முகம் என்னத்துக்கு?”

அண்ணனும் தம்பியும் கடைசியாகக் கதைத்த கதை அதுதான். பிறகு நாலு வருடம் ஒருவருக்கொருவர் போன் எடுக்கவில்லை.

போஸ்ரருக்கு மேர்வினின் படம் தேவைப்பட்டபோது அந்தச் செத்தவீட்டு வீடியோவிலிருந்தே ஒரு முகத்தை வெட்டி எடுத்தேன். வெள்ளைச் சேட்டு, சிவந்த கண். மேலே சிலுவை, கீழே பிறந்த திகதியும் இறந்த திகதியும். கதையில் அவனுக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் எனக்குப் புத்தி கோணலாக வேலை செய்தது. சொந்தப் பெயரையே போட்டால் அவன் முகம் தானாக மாறும், நடிக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். ‘அமரர் யாகப்பு மேர்வின்’ என்று கொட்டை எழுத்தில் அடித்து, அவனுக்குச் சொல்லாமல், நெடுந்தீவு மாவிலித்துறையில் சனம் வெயிலுக்கு ஒதுங்கி நிற்கிற கொட்டகைச் சுவரில் ஒட்டினேன்.

திங்கட்கிழமை காலை மேர்வின் படகிலிருந்து இறங்கி நடந்து வந்து அதைப் பார்த்தான். அப்படி ஒரு முகத்தை நான் சொல்லிக்கொடுத்து வாங்கியிருக்க முடியாது. முகம் இரத்தம் சுண்டி வெளுத்துவிட்டது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். பிறகு வாயில் வந்த தூஷணம் முழுவதையும் என் மேல் கொட்டினான். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். முகம் கமெராவுக்குள் வந்துவிட்டது, இனி என்ன பேசினால் எனக்கென்ன என்ற எண்ணம். அன்றைக்குச் சனம் இறங்குகிற ஷொட் ஒன்று மட்டும் வெயில் மாறியதால் பிழையாகிப் போனது. வெள்ளிக்கிழமை காலைப் படகுக்கு அதைத் திரும்ப எடுப்போம், அதுவரைக்கும் போஸ்ரர் சுவரிலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தச் சுவரைப் படம் பிடித்து என்னுடைய பேஸ்புக் பக்கத்தில் போட்டேன். ஒரு சொல் எழுதவில்லை. படத்தின் பெயர் இல்லை, ‘விரைவில்’ என்று இல்லை, ஒன்றுமே இல்லை. திரையில் ஏழு விநாடி என்றால் பேஸ்புக்கில் மூன்று நாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு முதல் காட்சியைப் போட்டு எல்லோரையும் துள்ளப்பண்ணவேண்டும் என்பது என் திட்டம். நெடுந்தீவுப் பெடியள் எல்லாருக்கும் சொல்லி வைத்தேன்: படம் என்று ஒருத்தரும் சொல்லாதேங்கோ, இரங்கல் மட்டும் எழுதுங்கோ. அவன்களும் விடுவான்களா, ‘மச்சான் எங்களை விட்டிட்டுப் போட்டியே’ என்று கண்ணீர்ப் பொம்மைகளோடு எழுதித் தள்ளினான்கள்.

மேர்வினின் போனையும் வாங்கி நிறுத்தி என் கமெராப் பைக்குள் போட்டேன். ஆரும் எடுத்து அவன் ‘ஹலோ’ சொன்னால் எல்லாம் கெட்டுப்போகும் அல்லவா? போனைத் தரும்போது அவன் கொஞ்சம் நின்றான்.

“அண்ணை, பிரான்சிலை ஒரு ஆள் இருக்கிறார்” என்றான்.

“நாலு வருசமா உன்னோடை கதைக்காத மனுசன் உன்ரை போஸ்ரரைத் தேடிப் பாக்கப்போறாரோ?” என்று கேட்டேன்.

அவன் போனைத் தந்துவிட்டுத் தொழிலுக்குப் போய்விட்டான். இந்தக் கேள்வியை நான் கேட்ட மாதிரியை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசும். அவ்வளவு எடுப்பாகக் கேட்டேன்.

புதன்கிழமை என் ஸ்ரூடியோவில் பெருநாள் மாதிரி இருந்தது. இரங்கல் எண்ணூறைத் தாண்டியது. லண்டன், கனடா, சுவிஸ் என்று தெரியாத நம்பர்களிலிருந்து வட்ஸ்அப்பில் அழைப்பு. நான் ஒன்றையும் எடுக்கவில்லை. மணி அடிக்க அடிக்க எனக்குச் சந்தோஷம். சனத்துக்கு நெஞ்சு அடிக்கிறது, நான் அடிக்கப்பண்ணுகிறேன். பின்னேரம் ஆறு மணி போல பிரான்ஸ் நம்பர் ஒன்றிலிருந்து மூன்று அழைப்பும் இரண்டு குரற்செய்தியும் வந்து கிடந்தன. பிரான்ஸ் என்று கண்டதும் எனக்கு மேர்வின் சொன்னது ஞாபகம் வந்தது. வந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எல்லாருக்கும் தெரியத்தானே போகிறது, அதற்குள் என்ன குடியா மூழ்கப்போகிறது என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெட்டுகிற வேலையைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மாவிலித்துறையில் கமெராவை ஊன்றி வைத்தேன். மேர்வின் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குள் இருந்தான், சனம் இறங்கி முடிந்தபிறகுதான் அவனுக்கு வேலை. குறிகட்டுவானிலிருந்து வந்த படகு கட்டியது. சனம் இறங்கியது. கமெராவுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒருவர் இறங்கினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கசங்கின கறுப்புச் சேட்டு, கையில் ஒரு சின்னப் பை, வேறு ஒன்றும் இல்லை. ஊர்ச் சனம் அந்தப் போஸ்ரரை நாலு நாளாகப் பார்த்துப் பழகிவிட்டது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மட்டும் பார்த்தார். நான் எழுதினபடி ஏழு விநாடி நிற்கவில்லை. நேராக, எதிலும் கவனம் இல்லாமல், தடக்கித் தடக்கிச் சுவருக்குப் போனார். என்ன அருமையாக நடக்கிறார் இந்த ஆள், இவரை நடிக்கக் கூப்பிட்டிருக்கலாமே என்று நினைத்தேன். கமெராவைத் திருப்பி அவருக்குப் பின்னாலேயே போனேன்.

அவர் போஸ்ரருக்கு முன்னால் நின்றார். சேட்டு நுனியால் மேர்வினின் முகத்தில் படிந்திருந்த புழுதியைத் துடைத்தார். பிறகு நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, கிழிந்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக உரிக்கத் தொடங்கினார். வீட்டுக்குக் கொண்டுபோகப்போகிறார் போல. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இன்னும் ஒரு ஷொட் கிடக்கிறது.

“அண்ணை, அதை உரிக்காதேங்கோ. ஷூட்டிங் நடக்குது” என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். கை போஸ்ரரிலேயே இருந்தது. என்னைப் பார்த்தார், கமெராவைப் பார்த்தார். என் சத்தம் கேட்டு மேர்வின் தேத்தண்ணிக் கோப்பையோடு கடைக்கு வெளியே வந்தான்.

“அண்ணை” என்றான் மேர்வின். என்னைச் சொல்லவில்லை.

அவர் அப்படியே சீமெந்தில் குந்திவிட்டார். மேர்வின் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து பிடித்தான். அவர் தம்பியின் முகத்தைத் தடவினார், காதைப் பிடித்துப் பார்த்தார், தோளைப் பிடித்துப் பார்த்தார். பிறகு அவனுடைய நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினார். குத்திக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். சுவரில் இருப்பது பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பத்துப் பேருக்குப் படிப்பித்த பாடம் எனக்கு முன்னால் சீமெந்தில் இருந்து அழுதுகொண்டிருந்தது. அதற்குப் பிறகும் என் விசர் அடங்கவில்லை. நாலு வருடம் கதைக்காத சகோதரங்களை என் படம் சேர்த்து வைத்துவிட்டது என்று எனக்குள் பெருமைப்பட்டேன். மூன்று தேத்தண்ணி சொன்னேன்.

தேத்தண்ணி குடித்தபடி அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு மெல்ல மெல்ல மண்டையில் ஏறியது. தெரிந்த ஒருவர் போஸ்ரரை அவருக்கு அனுப்பியிருக்கிறார். மேர்வினுக்கு எடுத்தால் போன் வேலை செய்யவில்லை. மன்னாரில் இருக்கிற சின்னம்மாவுக்கு எடுத்தால், அவவும் மேர்வினுக்கு எடுத்துக் கிடைக்காமல், இவருக்கு முன்னமே அழத் தொடங்கிவிட்டா. போஸ்ரரில் இருந்த சேட்டு அம்மாவின் செத்தவீட்டில் தம்பி போட்ட சேட்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாலு வருடமாக அந்த லைவ் வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் அவர். வந்து நிற்கேலாத உனக்கு முகம் என்னத்துக்கு என்று தம்பி கேட்டது காதுக்குள் நின்றிருக்கிறது. அகதி வழக்கைப் பார்க்கிற அதிகாரிகளுக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருந்த பழைய பாஸ்போட்டில் இன்னும் ஐந்து மாதம் மிச்சம் இருந்ததாம். மனைவி கம்சாயினி கதவில் மறித்து நின்று, போகவேண்டாம், போனால் எல்லாம் முடிந்துவிடும் என்றாவாம். இந்த முறையாவது போய் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டிருக்கிறார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் இருத்தி வைத்து விசாரித்தபோது, தம்பியின் செத்தவீட்டுக்கு வந்தேன் என்று போனை நீட்டி என் போஸ்ரரைத்தான் காட்டினாராம்.

“அப்ப நீங்கள் திரும்பிப் போக…” என்று மேர்வின் தொடங்கினான்.

“இனி ஏலாதடா” என்றார் அன்ரனிதாஸ். “அது முடிஞ்சுது. நீ இருக்கிறாய், காணும்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லாத முகம். அம்மாவின் வீடியோவில் என்னுடைய நம்பர் இருந்ததால் எனக்கும் எடுத்துப் பார்த்ததாகச் சொன்னார். போன் வேலை செய்யவில்லைப் போல என்று, நான் கேட்காமலே, எனக்கு ஒரு வழியும் விட்டுத் தந்தார். நான் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“ஓம் அண்ணை, சிக்னல் இருக்கேல்லை” என்றேன்.

என்னுடைய ஸ்ரூடியோவில் வைஃபை இருக்கிறது. வேலணையில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

அன்றைக்கே போஸ்ரரைக் கிழித்தேன், பேஸ்புக்கில் போட்டதை அழித்தேன், மன்னிப்புக் கேட்டு எழுதினேன். சனம் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தது. முதல் காட்சியை நான் போடவில்லை. அந்தக் கமெராவில் அன்ரனிதாஸ் நடந்துபோய்ப் போஸ்ரரை உரிக்கிறது நாலு நிமிடம் பதிவாகிக் கிடக்கிறது. கறுப்புத் திரையும் இல்லை, மௌனமும் இல்லை, கமெரா ஆடுகிறது, நடுவில் என்னுடைய நாறல் சத்தம் கேட்கிறது. நான் பதினாலு வருடத்தில் எடுத்ததில் அதைவிடப் பயங்கரமானது ஒன்றும் கிடையாது. அழிக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் மனம் வரவில்லை.

அவர் தம்பியோடு தாயின் வீட்டிலேயே இருந்தார், கடலுக்குப் போகத் தொடங்கினார். பின்னேரத்தில் துறையடியில் நின்று மகளோடு போனில் கதைப்பார், அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும். நான் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் போவேன். மீன் தருவார், தம்பி என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அந்தக் குரற்செய்திகள் இரண்டும் என் போனில் திறக்காமலே கிடந்தன. திறந்தால் அவருடைய போனில் நீல நிறத்தில் சரி அடையாளம் விழும், நான் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். திறக்காதவரை சிக்னல் இல்லை என்ற பொய் உயிரோடு இருக்கும். இரண்டரை மாதம் அந்தப் பொய்க்குக் காவல் இருந்தேன்.

போன கிழமை மேர்வின் போன் எடுத்தான். மேல்முறையீடு தள்ளுபடி. ஊரில் உயிருக்குப் பயம் என்றவர் தானாகவே ஊருக்குப் போயிருக்கிறார், ஆகையால் பயம் என்று சொன்னது உண்மை இல்லை என்று எழுதியிருக்கிறார்களாம். அது அவருக்கு மட்டும் இல்லை, கம்சாயினிக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். கம்சாயினி இங்கே வரமாட்டாவாம். எங்கேயாவது ஒளித்திருந்தாவது பிள்ளையை அங்கே படிப்பிக்கப் போகிறாவாம். அண்ணை சாப்பிடுகிறாரில்லை என்று மேர்வின் சொன்னான். அவன் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலைப் படகில் வெளிக்கிட்டேன். நடுக்கடலுக்கு முன்னம், குறிகட்டுவான் கரை தெரிகிற தூரத்திலேயே, போனை எடுத்து, அவருடைய முதல் குரற்செய்தியை அமுக்கிக் காதோடு வைத்தேன். எஞ்சின் சத்தத்துக்குள்ளும் தெளிவாகக் கேட்டது. பின்னால் விமான நிலைய அறிவிப்பு ஒன்று அவர்களுடைய பாஷையில் போய்க்கொண்டிருந்தது.

“தம்பி, நான் மேர்வின்ரை அண்ணை. எயார்போட்டிலை நிக்கிறன். உள்ளுக்கை போனா எனக்குத் திரும்பி வர ஏலாது. உம்மை வில்லங்கப்படுத்தேல்லை, உண்மையெண்டா நீர் ஒண்டும் சொல்லவேண்டாம், நான் விளங்கிக்கொள்ளுறன். பொய்யெண்டா மட்டும் ஒரு சொல்லுப் போடும். அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிப்பன்.”

இரண்டாவது செய்தி அரை மணித்தியாலம் கழித்து வந்தது. நாலு விநாடி.

“சரி தம்பி. விளங்குது. நான் வாறன்.”

நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏழு விநாடி மௌனம் காணுமா, எட்டாக்குவோமா என்று வெட்டி வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த மனுசி கடல் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கேட்டு, ஒரு தேசிக்காயை என் கையில் தந்தா.

மாவிலித்துறையில் இறங்கியபோது அன்ரனிதாஸ் அந்தக் கொட்டகைக்குள் நின்றார். கையில் போன். போஸ்ரர் இருந்த இடத்தில் பசை காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. நீலச் சரியை அவர் கண்டுவிட்டார் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. படகில் வரும்போது எப்படித் தொடங்குவது என்று மூன்று நாலு விதமாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை.

“அண்ணை, அண்டைக்குச் சிக்னல் இருந்தது” என்றேன்.

“தெரியும்” என்றார். “எயார்போட்டிலையே தெரியும். ரெண்டு சரி விழுந்திருந்தது, உம்மட்டை வந்து சேந்திட்டுது எண்டு.”

“பிறகேன் அண்ணை நீங்கள் ஒரு நாளும்…”

“கேட்டா நீர் என்ன சொல்லுவீர்?”

எனக்கு அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்டேன். எத்தனை தரம் கேட்டேன் என்று தெரியாது. பதினாலு வருடம் மற்றவர்கள் அழுகிறதைப் படம் எடுத்தவனுக்குத் தான் அழும்போது கையை எங்கே வைக்கிறது என்று தெரியவில்லை. அவர் என்னைத் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. சனம் முழுவதும் போகும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனைத் திருப்பி என்னிடம் காட்டினார். மகளின் படம். ஆறு வயது, முன்பல் விழுந்த சிரிப்பு.

“இவள் நேற்றுக் கேக்கிறாள், சித்தப்பா சாகேல்லைத்தானே அப்பா, பிறகேன் நீங்கள் வரேல்லை எண்டு. நான் ஒண்டும் சொல்லேல்லை. பின்னேரம் திருப்பி எடுப்பாள். கதை எழுதுற ஆள் நீர்தானே தம்பி, அவளுக்கு என்ன சொல்லுறது எண்டு சொல்லும்.”

நான் நின்றேன். அவர் பொறுத்துப் பார்த்தார். என்னிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவர் போனைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.